பதினாலாம் பக்கம்

பூங்காவனத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது சிங்காரம் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பெண்கள் காப்பகத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, எதிரில் வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணி. ஆறு மணிக்குப் பெண்கள் உள்ளே போய்விட வேண்டும், ஆண்கள் பாலத்தைத் தாண்டி அவர்களுக்கான காப்பகத்துக்குப் போக வேண்டும், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படுக்கிற காப்பகம் என்று ஒன்று கிடையாது. அவள் அவர் கையிலிருந்து தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டாள். நாளைக்கு வரப்ப ஒரு சீப்பு வாங்கியா என்றாளா, சீப்பு வாங்க மறந்துடாத என்றாளா, ஒரு வருஷமாக அந்த இடத்துக்கு வந்ததும் மனசு கால் இடறி நிற்கிறது, ஏனென்றால் அந்த நேரம் அவர் காது அவளிடம் இல்லை, கண்ணும் இல்லை, பெரம்பூர் என்று எழுதியிருந்த போர்டில் இருந்தது. மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டிய காலத்தில் பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்ட ஆள், போர்டைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. படித்துவிட்டுத் திரும்பினால் அவள் முதுகு. பச்சைப் புடவை, ஒரு பக்கம் ஊக்கு குத்திய செருப்பு. இந்தா, என்று கூப்பிட்டார். அவள் திரும்பாமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். அவ்வளவுதான். அந்த ஆட்டிய கையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது அச்சில் வந்துவிட்டது. இதோ கையிலேயே இருக்கிறது, முப்பது பிரதி, சூடு இல்லைதான், அச்சாகி இரண்டு நாள் ஆயிற்று என்று பத்திரிகை ஆபீஸில் சொன்னார்கள், ஆனாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கையில் அப்போதுதான் இறக்கிய இட்லித் தட்டு மாதிரி சுடுகிறது. பதினாலாம் பக்கம்.

மணி எட்டேகால். பாலத்தடி சிக்னலில் இந்நேரம் வண்டிகள் குழாயடியில் குடம் வைத்த மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சிவப்பு விழுந்தால் தொண்ணூறு விநாடி. ஆரஞ்சு சட்டை, கழுத்தில் பதினேழாம் நம்பர் அட்டை. நிழற்குடை மாதப் பத்திரிகை, சார், நிழற்குடை. வீடில்லாதவர்கள் மட்டும்தான் அதை விற்கலாம், பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்குக் கொடுத்தால் மீதி அவரவருக்கு. முதல் நாள் சட்டை கொடுக்கும்போதே விதிகளைச் சொல்லிவிடுவார்கள். கஷ்டத்தைச் சொல்லி விற்கக் கூடாது. கையை நீட்டக் கூடாது, பத்திரிகையை நீட்ட வேண்டும். பின் அட்டையில் விற்பவரின் நம்பரை முத்திரை குத்தியிருக்கும், ஒருவர் பிரதியை இன்னொருவர் விற்கக் கூடாது. நடுவில் பதினாலாம் பக்கம் விற்பவர்களுக்கென்று ஒதுக்கியது, யாருக்கு எழுத வருமோ அவர்கள் எழுதலாம், எழுத வராதவர்கள் சொன்னால் ஆபீஸில் எழுதிக்கொள்வார்கள். சிங்காரம் சொல்லவில்லை, எழுதினார். பழைய டைரியில், ஏழு பக்கம், நாலு மாசம். பிழை திருத்தித் தருகிறேன் அய்யா என்று வாங்கிக்கொண்ட வினோதினி, பத்திரிகையைப் பார்த்துக்கொள்கிற பெண், படித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இந்த மாசம் கண்டிப்பா வரும் அய்யா என்றாள். வரும் என்றால் வந்திருக்கும். ஒருவேளை விளம்பரம் வந்து இடம் போயிருந்தால்? போன மாசம் பதினாலாம் பக்கத்தில் பாதிக்குக் கண் ஆஸ்பத்திரி முகாம் அறிவிப்பு வந்ததே. வந்திருக்கும், வந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. ஆனால் போணி ஆகாமல் கட்டைப் பிரித்து உள்ளே பார்ப்பார்களா? மீன் விற்கிறவள் போணி ஆகாமல் தன் கூடையில் இருக்கிற மீனைத் தானே வாங்குவாளா? கூடாது. முதலில் ஒன்று போகட்டும்.

"இன்னா எழுத்தாளரே, காலு தரையில நிக்க மாட்டேங்குது?" ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஜெபமணி குரல் கொடுத்தாள். அவள் இருபத்திரண்டாம் நம்பர், அதே சிக்னலின் எதிர் வரிசை அவளுடையது. படிக்கத் தெரியாது, ஆனால் அட்டைப் படத்தைப் பார்த்தே கதை கட்டி விற்றுவிடுவாள். பூங்காவனம் போன அந்தப் பெண்கள் காப்பகத்தில் அடுத்த பாய் இவளுடையதுதான். "சும்மாரு ஜெபமணி, போணி ஆவல இன்னும்." "போணி ஆவணும்னா வாயத் தொறக்கணும்யா, கட்டிப் புடிச்சினு நின்னா எவன் வாங்குவான், அது இன்னா உன் பேரப்புள்ளயா?" சிவப்பு விழுந்தது. அவர் ஓடினார். அறுபத்து மூன்று வயசுக் கால்கள் இன்று மட்டும் யாரோ கடன் கொடுத்த கால்கள் மாதிரி போயின. கார், ஆட்டோ, தலைக்கவசம், தலைக்கவசம், இன்னொரு கார், கண்ணாடி இறங்கியது, ஒரு கை நீண்டது, போணி! ஆகிவிட்டது! "சார், பதினாலாம் பக்கம் பாருங்க சார், அது நான் எழுதினது." இப்படிச் சொல்லலாமா? கஷ்டத்தைச் சொல்லவில்லையே, எழுதியதைத்தானே சொன்னோம். விதியில் இதற்குத் தடை இல்லை. "நீங்களா?" என்று அந்த ஆள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "நானேதான் சார், கைப்பட." அடுத்தது ஒரு காலேஜ் பெண், அடுத்தது ஆட்டோக்காரர், "நீ எழுதினதுன்னா குடு தலைவரே, உள்ள இருக்கிற சவாரிக்கும் ஒண்ணு குடு" என்றார், பச்சை விழுவதற்குள் நாலு. நாலு! வழக்கமாக நாலு விற்க ஒரு மணி நேரம் ஆகும்.

போணிதான் ஆகிவிட்டதே, இப்போது பிரித்துப் பார்க்கலாம். பார்க்கலாம்தான். விரல் மடிப்பு வரைக்கும் போயிற்று. போய் நின்றுவிட்டது. இருக்கட்டும், மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பாலத்துத் தூண் நிழலில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒவ்வொன்றாகக் கூட்டி, அவசரமில்லாமல். கல்யாணச் சாப்பாட்டை நின்றுகொண்டா சாப்பிடுவார்கள். அது காரணமில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. பயம். எதற்குப் பயம்? அதில் அவள் பெயர் இருக்கும். இந்த உலகத்தில் ஒரு காகிதத்தில்கூட இல்லாத பெயர். கால்வாய் ஓரத்துக் குடிசையில் வெள்ளம் புகுந்தபோது டிரங்குப் பெட்டி போயிற்று, பெட்டியோடு ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, மாமல்லபுரத்தில் எடுத்த போட்டோ எல்லாம் போயின. காப்பகத்தில் சேர்ந்து மூன்றே நாள், கார்டு நகல் வாங்கி வந்த பிறகு பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். நாலாம் நாள் விடியற்காலை அவளுக்கு மூச்சுத் திணறல், ஆம்புலன்ஸ் வந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்காரம் தூங்கிக்கொண்டிருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கண்டுபிடிக்க இரண்டு நாள். கண்டுபிடித்தபோது பிணவறையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒருவர் நோட்டைத் திருப்பி வாசித்தார், பெயர் தெரியாத பெண், வயது சுமார் ஐம்பத்தைந்து, பச்சைப் புடவை. உங்க சம்சாரம்னு காட்ட எதுனா இருக்கா பெரியவரே? எதுவும் இல்லை. இருந்தது முப்பத்தொரு வருஷம்தான், அதை எந்தப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது? அழுகிற நேரம்கூட அங்கே அளவாகத்தான் கிடைத்தது. ஒரு தொண்டு நிறுவனம் நல்லபடியாக அடக்கம் செய்தது, குறை சொல்ல முடியாது, மாலைகூடப் போட்டார்கள். அந்த இடத்தில் ஒரு நம்பர் நட்டிருக்கிறது. அதனால்தான் எழுதினார். வேறெதற்கும் இல்லை. பூங்காவனம் என்று எழுதுவதற்கு எழுத்து சரியாகத் தெரியாமல் மாநகராட்சிப் பூங்கா வாசலில் போய் நின்று போர்டைப் பார்த்து முதல் பாதியை எழுதிக்கொண்டு வந்தார், வாட்ச்மேன் துரத்தினான். ஏழு பக்கத்தில் ஐந்து இடத்தில் அந்தப் பெயர். ஐந்து இடத்திலும் பேனாவை அழுத்தி எழுதினார்.

மறுபடி சிவப்பு. இரண்டு ஸ்கூட்டர், ஒரு டாக்டர் அம்மா. அவர் குரல் இப்போது நன்றாக ஏறிவிட்டது, "நிழற்குடை! பதினாலாம் பக்கம்!" என்று ஏதோ தேர்தல் முடிவு அறிவிக்கிற மாதிரி கூவினார், எதிர்வரிசையிலிருந்து ஜெபமணி, "இங்கயும் அதே பதினாலுதாம்மா, எழுதினவரு அதோ கூவினு கீறாரு பாருங்க, வாங்கினா கையெழுத்துப் போட்டுத் தருவாரு" என்று அவர் பேரைச் சொல்லித் தன் கட்டை விற்றாள். சிரிப்பு வந்தது. எப்போது சிரித்தோம் கடைசியாக? அவள் இருந்திருந்தால், இம்மாம் கூச்சல் போடறியே, வெக்கமா இல்ல உனக்கு என்பாள், சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள். ஒன்பதாவது பிரதி பஸ் ஜன்னலில் போயிற்று. ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, மடியில் சாப்பாட்டுப் பை. வாங்கினவுடனே பதினாலாம் பக்கத்தைப் பிரித்தாள்! கண்முன்னால்! அவர் நகரவில்லை. தன் எழுத்தை ஒருவர் படிப்பதைப் பார்ப்பது, இதென்ன இப்படி, தன் முதுகை யாரோ தேய்த்துவிடுகிற மாதிரி கூச்சமாகவும் சுகமாகவும். அவளுடைய உதடு அசைந்தது. எந்த வரியில் இருக்கிறாள்? சீப்பு வருகிற இடமா? அந்த அம்மா தலையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது. "மல்லிகா உங்க சம்சாரமாங்க?"

எந்த மல்லிகா? "இல்லீங்கம்மா, வேற யார்னா எழுதினதப் பார்க்கறீங்க. நம்மளுது சிங்காரம்னு போட்டிருக்கும்." "சிங்காரம்னுதாங்க போட்டிருக்கு. பதினேழாம் நம்பர். இதோ, மல்லிகா தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டாள்னு." ஜன்னல் வழியாகத் திருப்பிக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டினார். ம, ல், லி. கீழே, பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள்: பெயர் மாற்றப்பட்டுள்ளது. காது அடைத்தது. சிக்னல் முழுக்க ஹாரன் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பச்சை. பஸ் நகர்ந்தது. "பூங்காவனம்" என்றார், வாயிலிருந்து காற்றுதான் வந்தது. பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓடினார், மார்போடு அணைத்த கட்டும் ஆரஞ்சு சட்டையுமாகப் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடினார், "பூங்காவனம்! அம்மா! அவ பேரு பூங்காவனம்! பூங்காவனம்மா!" கண்டக்டர் படியில் தலையை நீட்டி, "யோவ் பெரியவரே, டிக்கெட் எடுத்தா ஏறு, இல்லாட்டி ஓரம் போ, சாவறதுக்கு என் பஸ்ஸுதான் கெடைச்சுதா?" என்று கத்தினான். அந்த அம்மா ஜன்னலில் திரும்பிப் பார்த்தாள், கேட்டதா, கேட்கவில்லையா, கை மட்டும் தெரிந்தது, பஸ் வளைவில் திரும்பிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. இந்தா. இந்தாமே. அடியே. கோபம் வந்தால் ஒன்றுமே இல்லை. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வீட்டில் பழக்கமில்லை, அவர் அப்பாவுக்கும் பழக்கமில்லை, கூப்பிட்டிருந்தால் அவளே வெட்கப்பட்டிருப்பாள். காப்பகக் கதவிலும் மூன்று சாயங்காலம் இந்தா, இந்தா என்றுதான் கூப்பிட்டார். உள்ளே இருந்த பெண்கள் அவளை வண்டிக்காரரு வீட்டம்மா என்றார்கள். ஆம்புலன்ஸ்காரர் பேர் என்ன என்று கேட்டபோது அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை, அந்தக் கதவில் நின்று சத்தமாக, பூங்காவனம் என்று கூப்பிட்டிருந்தால் பக்கத்துப் பாய்க்காரி காதில் விழுந்திருக்கும். நோட்டில் ஏறியிருக்கும். வினோதினி மாற்றியது பிறகு. முதலில் அந்தப் பெயரை உலகத்துக்குத் தெரியாமல் வைத்திருந்தது யார்? இந்த இடத்தை அவர் ஏழு பக்கத்தில் எழுதவில்லை. எழுத வரவில்லை. ரோட்டோரம் வந்து பட்டன் போனை அழுத்தினார், விரல் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. "வினோதினிம்மா, பேர மாத்திட்டீங்களேம்மா." "அய்யா? ஆமா அய்யா, பதினாலாம் பக்கத்துல பொம்பளைங்க பேரை எப்பவுமே மாத்தித்தான் போடுவோம், தேடி வந்து அடிக்கிற புருஷனுங்க, வீட்டாளுங்ககிட்டேர்ந்து அவங்க பாதுகாப்புக்காக." "செத்துப்போனவளுக்கு இன்னாம்மா பாதுகாப்பு?" "அய்யோ, அய்யா" என்றாள் வினோதினி. "படிச்சேன் அய்யா, அழுதேன் அய்யா, ஆனா பக்கம் கட்டறப்ப பழக்கத்துல கை தானா மாத்திடுச்சு. அடுத்த இதழ்ல திருத்தம் போடறேன். மன்னிச்சிடுங்க." "அடுத்த இதழு வாங்கறவங்க இத வாங்கினவங்களா இருக்கணுமே. என்கிட்ட இன்னும் இருபத்தொண்ணு கீதும்மா. பேனாவால எழுதிடட்டா?" பிரதியில் கிறுக்கக் கூடாது என்பதும் விதிகளில் ஒன்று. "எழுதுங்க அய்யா" என்றாள், உடனே, அழுகிற குரலில்.

பேனா இல்லை. டிராஃபிக் போலீஸ்காரரிடம் போய்க் கேட்டார். "ஏன்யா, பரீட்சையா? ஹால் டிக்கெட் இருக்கா?" என்றபடி அவர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார், மூடியை மட்டும் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டார். பாலத்துத் தூணடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார் சிங்காரம். எட்டே முக்கால், ஒன்பது, விற்பனை கொட்டுகிற நேரம், சிவப்பு விழுந்து விழுந்து எழுந்தது, அவர் தலை நிமிரவில்லை. ஒரு பிரதியில் ஐந்து இடம். மல்லிகாவின் மேல் ஒரு கோடு, மெல்லிசாக, அந்தப் பெண்ணும் யாரோ, அவள்மேல் என்ன கோபம். மேலே பூங்காவனம். அடைப்புக்குறிக்குள் இருந்ததன் மேல் ஒரு கோடு. பூங்காவனம், பூங்காவனம், எழுதும்போதே வாய் சொல்லிற்று, முதலில் முணுமுணுப்பாக, பிறகு சத்தமாக, ஏதோ அர்ச்சனை மாதிரி, இத்தனை வருஷப் பாக்கியை இந்தத் தூணடியிலேயே ஒரே மூச்சில் கூப்பிட்டு முடித்துவிடுகிறவன் மாதிரி. பயம் எங்கே போயிற்று? காணோம். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் ஓடி ஜெயித்தவனின் நெஞ்சு அது. பைக்கில் வந்த ஒருவர் வண்டியைத் தூணோரம் நிறுத்தி ஒன்று கேட்டார், புரட்டினார். "என்னங்க, கிறுக்கி வெச்சிருக்கு? நல்லதா ஒண்ணு குடுங்க." "எல்லாம் அப்படித்தான் சார். இதுதான் நல்லது." "யாரு கிறுக்கினது?" "எழுதினவன்தான் சார்." அவர் ஒரு தடவை பத்திரிகையையும் ஒரு தடவை சிங்காரத்தையும் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நிழல் ஒன்று தாளின் மேல் விழுந்தது. ஜெபமணி. ரோட்டைக் கடந்து வந்திருந்தாள், கட்டு கையிலேயே இருந்தது. "இன்னாய்யா இது, கூட்டம் அள்ளிக்கினு போவுது, நீ கணக்குப்புள்ள மாதிரி குந்திக்கினு கீற. பஸ் பின்னால எதுக்கு ஓடின? நான் பயந்தே பூட்டேன்." அவர் சொன்னார். பதினாலாம் பக்கத்தை விரித்து, எது மாறியது, எதை எழுதுகிறார் என்று விரல் வைத்துக் காட்டினார். அவளுக்கு எழுத்து புரியாது, ஆனால் நீலம் எது, கறுப்பு எது என்று புரிந்தது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "பூங்காவனம்" என்றாள், நாக்கில் வைத்து ருசி பார்க்கிற மாதிரி. "நல்ல பேருய்யா. மூணு ராத்திரி பக்கத்துலதான் படுத்தினு இருந்தா. எனக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தா. ஆம்புலன்ஸ்காரன் என்னாண்டதான் மொதல்ல கேட்டான், பேரு இன்னாம்மான்னு. நான்தான் தெரியாதுன்னேன்." "உன் தப்பு இல்ல ஜெபமணி. நான் கூப்பிட்டதே இல்ல." அவள் தன் கட்டைத் தூணடியில் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "ஏழு வித்துடுச்சு. மீதி பதினெட்டு கீது. இதுலயும் எழுது." "உன் நம்பர் குத்தினதும்மா, நான் கை வெக்கக் கூடாது." "விக்கத்தான் கூடாதுன்னாங்க, எழுதக் கூடாதுன்னு எவன் சொன்னான்? எழுதுய்யா. நான் புடிச்சுக்கறேன், காத்துல பறக்குது." பக்கத்தின் இரண்டு மூலையையும் அவள் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுதினார். மை காய்வதற்கு ஒவ்வொன்றையும் அவள் வாயால் ஊதி அடுக்கினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது போலீஸ்காரர், "பாஸா?" என்று கேட்டு மூடியைப் போட்டு மூடினார். பிறகு சிவப்பு விழுந்தது, இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசைக்கு எழுந்து ஓடினார்கள். ஜெபமணி எதிர்வரிசையிலிருந்து, "பூங்காவனத்தோட கத, பூங்காவனத்தோட கத" என்று கூவினாள். கஷ்டத்தைச் சொல்லி விற்கக் கூடாது என்பதுதான் விதி, பேரைச் சொல்லி விற்கக் கூடாது என்று இல்லை. சிங்காரமும் கூவினார். அந்தப் பக்கம் அவள் ஒரு தடவை, இந்தப் பக்கம் இவர் ஒரு தடவை, நடுவில் கார்க் கண்ணாடிகள் இறங்கின.

அந்த மாத நிழற்குடை மொத்தம் அறுநூறு பிரதிகள் அச்சாயிற்று. முப்பத்தொன்பதில் அவள் பெயர் பூங்காவனம். மற்றவற்றில் மல்லிகா.